அடி வளைஞ்ச சறுக்குக் கட்டை

பிள்ளை, முழங்காலிலை பட்டிட்டுதோ? குறை நினையாதையும். ரெயின் வளையேக்கை இது சரிஞ்சு விழுது, நான் பிடிச்சுக்கொண்டுதான் இருந்தனான். இரும், இந்தப் பக்கம் வைக்கிறன். நீர் தமிழ்தானே? ஏறேக்கையே நினைச்சனான். கைப்பையிலை பிள்ளையார் தொங்குறார், பேந்தென்ன. ஊர் எங்கை? வவுனியாவோ. நோர்வேக்கு வந்து மூண்டு மாதம்தானோ! அப்ப இந்தப் பைக்குள்ளை என்ன இருக்கெண்டு உமக்குத் தெரிய நியாயமில்லை. சுடுற துவக்கு இல்லை, பயப்பிடாதையும்.

இது ஷீ. பனியிலை சறுக்கிறதுக்குக் காலிலை கொழுவுற கட்டை. இந்த நாட்டுச் சனம் நடக்கப் பழக முதல் இதைப் பழகிப்போடும். இது சின்னன், என்ர பேரனுக்குச் செய்தது. கடையிலை வாங்கேல்லை. எங்கடை வீட்டுக்குக் கீழை கெல்லர் எண்டு ஒரு அறை இருக்கு, நிலத்துக்குள்ளை. அதுக்குள்ளை கிடந்து நானே என்ர கையாலை செய்தனான். எடுத்துக் காட்டுறன், பாரும். மேல்பக்கம் வடிவா இருக்கெல்லே? அந்த மயில் மகள் கீறினது. இப்ப திருப்பி அடியைத் தடவிப் பாரும். விரலுக்குத் தெரியுதோ? ஓரம் ரெண்டும் உயரம், நடுவிலை குழி. அதிலையும் இந்த மற்றக் கட்டை இன்னும் மோசம், அலை அலையாப் போகுது. இந்தக் குழிதான் பிள்ளை, போன வருசத்திலை இருந்து என்ர உயிரை வாங்குது.

எல்லாத்துக்கும் காரணம் என்ர சம்பந்தி. ஆர்னே எண்டு பேர். ஓம், வெள்ளைக்காரன். என்ர மகள் தர்சிகா அவரின்ர மகனைத்தான் முடிச்சவள். மருமகன் தங்கமான பெடியன், அவனைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டன். பிரச்சினை தேப்பன்தான்.

பேரன் நீலன் பிறந்து முப்பத்தொண்டாம் நாள் சடங்கு எங்கடை வீட்டிலைதான் செய்தது. நாங்கள் பிள்ளைக்குச் சங்கிலி போட்டம். ஆர்னே நிலத்திலை சப்பாணி கட்டி இருந்து கையாலை சாப்பிட்டார். சாப்பிட்டுப்போட்டு எல்லாற்றை முன்னாலும் சொல்லுறார், "எங்கடை குடும்பத்திலை பிள்ளையின்ர முதல் ஷீயைத் தாத்தா செய்து குடுக்கிறது வழக்கம், நான் மரம் கூடப் பாத்து வைச்சிட்டன்" எண்டு. என்ர வீட்டிலை இருந்து, என்ர மனிசி சுட்ட வடையைக் கடிச்சுக்கொண்டு சொல்லுறார். தாத்தா செய்யிறதாம். அப்ப நான் ஆர் பிள்ளை? பக்கத்து வீட்டுக்காரனோ?

எல்லாரும் கை தட்டிச்சினம். என்ர மனிசியும் தட்டினாள். நானும் தட்டினன், தட்டிக்கொண்டே முடிவெடுத்திட்டன். நீலன் முதல் முதல் பனியிலை நிக்கேக்கை என்ர கட்டையிலைதான் நிக்கவேணும்.

உமக்குச் சிரிப்பா இருக்கும். நான் இந்த நாட்டுக்கு வரேக்கை வடக்கிலை, மீன் ஃபக்ரறியிலைதான் வேலை. வந்த கிழமையே ஃபக்ரறி வாசலிலை ஐஸிலை வழுக்கி, கால் ரெண்டும் மேலை போக விழுந்தனான். கண்ணாடிக்குப் பின்னாலை நிண்டு எல்லாரும் பாத்துச் சிரிச்சவை. அண்டைக்குப் பிறகு இந்தப் பனியோடை எனக்கு ஒரு கொண்டாட்டமும் இல்லை. தர்சிகா பள்ளிக்கூடம் போகேக்கை ஷீ நாள் எண்டு வரும். அண்டைக்கு அவளுக்குக் காய்ச்சல் எண்டு சொல்லி வீட்டிலை வைச்சிருப்பன். பொம்பிளைப் பிள்ளை விழுந்து கையைக் காலை முறிச்சால் ஆர் பாக்கிறது? அவள் அழுவாள்தான். சின்னப்பிள்ளையள் அழும்.

ஆனால் பேரன் வளந்து பள்ளிக்கூடத்திலை என்ன சொல்லுவான், யோசிச்சுப் பாரும். அப்பப்பா எனக்கு ஷீ செய்து தந்தவர், அம்மப்பா எனக்குச் சோறு தந்தவர் எண்டு சொல்லுவான். எனக்கு அது ஏலாது பிள்ளை. இவ்வளவு காலம் இந்த நாட்டிலை இருந்தும் அவனுக்கு நான் ஒரு விருந்தாளி மாதிரி இருந்திட்டுப் போறதோ?

சரி, பெடியன் ஓடித் திரியத் தொடங்கின உடனை நானும் வேலையைத் தொடங்கினன். நான் வேலையிலை இருந்து நிக்கிற வரைக்கும் தொடர்மாடிக்குப் பராமரிப்பாளர். கதவு, பூட்டு, தண்ணிப்பைப்பு, எது உடைஞ்சாலும் நான்தான். எனக்கு இது ஒரு வேலையோ? போனிலை வீடியோ பாத்தன். நடுவிலை மரம், மேலையும் கீழையும் கண்ணாடி நார்த் துணி, எல்லாத்துக்கும் அடியிலை ஒரு கறுத்தப் பிளாஸ்ரிக். பசை பூசி அடுக்கி, ரெண்டு சட்டத்துக்கு நடுவிலை வைச்சு நட்டு முறுக்கி அமுக்கினால் முடிஞ்சுது. மரம் சொன்னபடி கேட்டுது. துணி கேட்டுது. இந்தச் சனியன் பிடிச்ச பிளாஸ்ரிக்தான் ஒரு நாளும் கேக்கேல்லை.

அந்தப் பிளாஸ்ரிக் ஜேர்மனியிலைதான் நல்லது இருக்கெண்டு சொல்லிச்சினம். தபாலிலை வீட்டுக்கு எடுக்கலாம். ஆனால் ஸ்ருட்கார்ட்டிலை மச்சான் ஒருத்தன் இருக்கேக்கை ஆரும் தபாலிலை எடுப்பினமோ? கிருபானந்தன்ர விலாசத்துக்குப் போட்டிட்டு, "இஞ்சாலை ஆரும் வந்தால் குடுத்துவிடு" எண்டன். நாங்கள் எல்லாம் அப்பிடித்தானே, மருந்து, சீலை, ஊறுகாய், எல்லாம் குடுத்துவிட்டே வாழ்ந்த சனம். கடைக்காரன் அதைத் தட்டையா மட்டையிலை வைச்சுத்தான் அனுப்பியிருக்கிறான். ஒஸ்லோவிலை ஒரு பெட்டை பெரிசாகிச் சாமத்தியவீடு வந்துது, அதுக்கு ஸ்ருட்கார்ட்டிலை இருந்து ஒரு குடும்பம் காரிலை வந்துது. மச்சான் என்ன செய்தான் தெரியுமோ? மட்டையைக் கழட்டி எறிஞ்சுபோட்டு, பாய் சுத்தின மாதிரிச் சுத்திக் கயித்தாலை இறுக்கிக் கட்டிப்போட்டான். அவன்ர மனிசி பாத்திருக்கிறா, நடுவிலை இடம் சும்மா கிடக்கு. அதுக்குள்ளை மிளகாய்த்தூள் பைக்கற்றும் முறுக்கும் இறுக்கி அடைஞ்சுபோட்டா. கோடை வெய்யில், கார்ப் பின்கண்ணாடிக்குக் கீழை, வழி முழுக்க வெந்து வெந்து வந்து சேந்துது.

கயிறை அறுத்தன். முறுக்கு நொருங்கேல்லை. பிளாஸ்ரிக் விரிச்சால் விரியுது, கையை எடுத்தால் திரும்பவும் சுருண்டுபோய்ப் படுக்குது, நாய்க்குட்டி மாதிரி. போன் எடுத்து மச்சானை நல்லாப் பேசினன். அவன் சொல்லுறான், "நீங்கள்தானே அத்தான், சுத்திக் குடுத்துவிடு, கார்க்காரருக்குக் கரைச்சல் குடுக்காதை எண்டு சொன்னனீங்கள்" எண்டு. சுத்தெண்டு சொன்னனான் பிள்ளை, இல்லையெண்டு சொல்லேல்லை. இறுக்கிச் சுத்தெண்டு சொன்னனானோ?

அதை அப்பிடியே வைச்சு ஒட்டினன். பசை பிடிச்சால் நேராகிடும் எண்டு நினைச்சன். நட்டைக் கழட்டி எடுத்தால், பொரிச்ச அப்பளம். ஒரு நுனி இஞ்சை பாக்குது, மற்ற நுனி அங்கை பாக்குது.

மகள் போய்ச் சொல்லிப்போட்டாள். அடுத்த ஞாயிறு ஆர்னே கேக்கும் கையுமா வந்து நிக்கிறார். கெல்லருக்குள்ளை இறங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கட்டையைத் தூக்கி ஒரு கண்ணை மூடிப் பாத்தார். சிரிக்கேல்லை. சிரிச்சிருந்தால் நானும் ரெண்டு குடுத்திருப்பன். மெதுவாச் சொல்லுறார், "ஒட்டுற அறையிலையே விரிச்சு, பாரம் வைச்சுக் கொஞ்ச நாள் விட்டிடும். பிளாஸ்ரிக்கும் வீட்டுக்குப் பழகவேணும். சூடு காட்டாதையும், அவசரப்படாதையும். இல்லாட்டி என்ர கராஜுக்கு வாரும், கட்டையை அமுக்குற நல்ல பிறெஸ் இருக்கு, ரெண்டு பேருமாச் சேந்து செய்வம்" எண்டு.

சேந்து செய்யிறதாம். அவரின்ர கராஜிலை, அவரின்ர பிறெஸிலை செய்தால் அது ஆரின்ர ஷீ? "வேண்டாம், நன்றி" எண்டிட்டன். மனிசி அவருக்குப் பொரிச்ச ரோல்ஸ் கட்டிக் குடுத்து விடுறாள்.

ஆனாலும் அவர் சொன்னதைச் செய்தன், அவருக்குச் சொல்லாமல். அதே பிளாஸ்ரிக்கிலை புதுத் துண்டு வெட்டி, நிலத்திலை விரிச்சு, மேலை பலகை போட்டன். பாரத்துக்கு எங்கை போறது? தமிழ்க்கடையிலை வாங்கின அரிசி மூட்டையள் கிடந்துது. வரிசையாத் தூக்கி வைச்சன். கொஞ்ச நாளாலை போய்ப் பாத்தால் ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி நேர், மற்றப் பக்கம் எழும்பி நிண்டு என்னைப் பாக்குது. அந்தப் பக்கத்து மூட்டையளைக் காணேல்லை. கோயில் அன்னதானத்துக்கு எண்டு மனிசி குடுத்துப்போட்டாள்.

"உனக்கு விசரோடி, பாரத்துக்கு வைச்சதைத் தூக்கிக் குடுத்திருக்கிறாய்?"

"இஞ்சாருங்கோ, அரிசி சமைக்கிறதுக்குத்தான் வாங்குறது."

"பிள்ளையின்ர ஷீ பழுதாப் போச்சு!"

"அப்பிடியெண்டால் பிள்ளையாரிட்டைப் போய்க் கேளுங்கோ, அவர்தான் சாப்பிட்டவர்."

பாத்தீரோ? என்ர வீட்டிலை எனக்கு எதிரா எல்லாரும் ஒரு கட்சி.

பொறுத்து, பிடிச்சு வைச்சு ஒட்டினன். கெல்லர் குளிர். குளிரிலை பசை இறுகாது, அது தெரிஞ்ச விசயம். ஹீற்றரைப் பக்கத்திலை வைச்சன், மனிசி இடுப்பு நோவுக்கு வைக்கிற கரண்டுப் போர்வையையும் சுத்திவிட்டன். நல்லாக் கெதியா இறுகிச்சுது. நான் இளஞ்சூட்டிலையே கழட்டிப் பாத்தன். பாக்காமல் எப்பிடித் தெரியும் பிள்ளை? சோறு வெந்திட்டுதோ எண்டு மூடியைத் திறந்து பாக்கிறேல்லையோ? கழட்டேக்கை நேராத்தான் இருந்துது, சத்தியமா. மேசையிலை வைச்சிட்டுத் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன், அலை அடிக்குது. பிறகுதான் வீடியோவிலை ஒருத்தன் சொல்லுறான், சூட்டிலை பிளாஸ்ரிக் மரத்தை விடக் கூட நீளுமாம், நீண்டு நிக்கேக்கை பசை பிடிச்சிடுமாம், ஆறேக்கை அது சுருங்கிக் கட்டையையே இழுத்து வளைச்சுப்போடுமாம். இதை வீடியோவின்ர தொடக்கத்திலை எல்லே சொல்லவேணும்? கடைசியிலை கொண்டுபோய் வைச்சிருக்கிறான்.

இரும், போன் அடிக்குது. மகள்தான். அடிக்கட்டும், பிறகு கதைக்கலாம்.

கடைசித் துண்டு மிச்சம். இதோடை விட்டால் பிளாஸ்ரிக்கும் இல்லை, பனியும் வரப்போகுது. ஆர்னேன்ர ஷீ எப்பவோ முடிஞ்சு, அவரின்ர சுவரிலை தொங்குதாம். இந்தமுறை எல்லாம் முறையாச் செய்தன். கடையிலை இரும்புப் பாரம் எடுத்து வைச்சு நேராக்கினன். அரத்தாள் போட்டுத் தேய்ச்சுச் சொரசொரப்பாக்கினன். சுத்திவர ரேப் ஒட்டி அசையாமல் அச்சிலை இருத்தினன். ஹீற்றர் இல்லை. நட்டை ஒண்டுபோல முறுக்கி, கதவைப் பூட்டி, திறப்பை மனிசியின்ர கையிலை குடுத்தன். "நான் கேட்டாலும் தராதை" எண்டும் சொன்னன்.

அவள் தரேல்லைத்தான். பராமரிப்பாளருக்கு ஒரு பூட்டு பெரிய விசயமோ? சும்மா ஒரு பக்கத்து நட்டைக் கொஞ்சமாத் தளத்தி, எட்டிப் பாத்திட்டு, திரும்ப முறுக்கிவிட்டன். பிறகு மற்றப் பக்கமும் பாக்காட்டி மனம் கேக்காதெல்லே. அதாலை ஒண்டும் நடந்திராது. பழுது பிளாஸ்ரிக்கிலைதான், மிளகாய்த்தூளோடை வெந்த பிளாஸ்ரிக்.

எடுத்தால் இதுதான் வந்துது, நீர் தடவிப் பாத்த இந்தக் குழி. மனிசி சொல்லுறாள், வடிவா இருக்கெண்டு. மகள் மயில் கீறினாள். ஒருத்தரும் அடியைப் பாக்கேல்லை. நான் மட்டும் பாத்துக்கொண்டிருக்கிறன்.

பனி கொட்டின சனிக்கிழமை எல்லாருமா வீட்டுக்குப் பின்னாலை இருக்கிற மேட்டுக்குப் போனம். ஆர்னே தன்ரையை ஒரு துணியிலை சுத்திக் கொண்டுவந்தவர். பிரிச்சால், என்ன சொல்ல, கண்ணுக்குள்ளை நிக்குது. அடி தண்ணி மாதிரி நேர். நான் வாயைத் திறக்க முதல் அவர் சொல்லுறார், "உம்மடையை முதல் போடுவம்" எண்டு. இரக்கப்பட்டு விட்டுக்குடுக்கிறார், விளங்குதோ? எனக்கு உடம்பெல்லாம் பத்திச்சுது. ஆனால் விட்டுக்குடுத்ததை வேண்டாம் எண்டு சொல்ல நான் மடையனில்லை.

நீலன் என்ர கட்டையிலை ஏறி நிண்டான். அவன் நிண்ட அந்தக் கொஞ்ச நேரம், பிள்ளை, எனக்குக் கண் கலங்கிப் போச்சு. பிறகு நான் முதுகிலை மெல்லத் தள்ளினன். அசையேல்லை. இன்னும் தள்ளினன். பனி முழுக்க அந்தக் குழிக்குள்ளை போய் அப்பிப்போட்டுது. கட்டை சறுக்கமாட்டனெண்டு நிக்குது. பெடியன் குனிஞ்சு காலைப் பாத்தான், பிறகு ஒரு காலைத் தூக்கி வைச்சான், மற்றக் காலைத் தூக்கி வைச்சான். டொக்கு டொக்கெண்டு வாத்து மாதிரி நடக்கத் தொடங்கிட்டான். மேட்டிலை ஏறுறான், இறங்கிறான், திரும்ப ஏறுறான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சினம். எனக்கு அந்த மீன் ஃபக்ரறிக் கண்ணாடிதான் ஞாபகம் வந்துது.

அதுக்குப் பிறகு ஆர்னேன்ரையைக் கொழுவினம். வைச்சதுதான் தெரியும், சொய்யெண்டு போய்ப் பிடரி அடிபட விழுந்தான். ஒரே அழுகை. கழட்டு, கழட்டு எண்டு காலை உதறுறான். "அம்மப்பான்ர தாங்கோ, அம்மப்பான்ர தாங்கோ" எண்டு கத்துறான்.

அண்டையிலை இருந்து இதை விடுறானில்லை. சாப்பாட்டு மேசைக்கும் இதோடை வாறான், படுக்கேக்கை கட்டிலுக்குப் பக்கத்திலை வைக்கவேணும். நேர்சரிக்கும் கொண்டுபோறான். ஏன் எண்டு கேட்டன். "இது ஓடாது" எண்டு சொல்லுறான். கேட்டீரோ? ஓடாத ஷீ! அதை அவன் பாக்கிற ஆக்களுக்கெல்லாம் சொல்லுறான். நேர்சரி வேலியிலை எல்லாப் பிள்ளையளின்ரையும் வரிசையாக் கொழுவி இருக்கும், நடுவிலை என்ர குழி விழுந்தது. ரீச்சர்மார் பாக்கினம், மற்றத் தேப்பன்மார் பாக்கினம். என்ர மானம் அந்த வேலியிலை தொங்குது.

தர்சிகா சொல்லுறாள், "அப்பா, அதை விடுங்கோ, அவனுக்கு அது விருப்பம்" எண்டு. விருப்பமாம். சறுக்காத கட்டையிலை என்ன விருப்பம்? என்னிலை இரக்கப்பட்டுச் சொல்லிக் குடுத்திருப்பாள். வாற ஞாயிறு ஆர்னேன்ர மலைவீட்டிலை அவரின்ர அண்ணன் தம்பி, பிள்ளையள், எல்லாரும் கூடுகினம். எல்லாரும் பாக்க நீலன் இதிலை டொக்கு டொக்கெண்டு நடக்கிறதோ? நான் அதிலை நிக்கிறதோ?

அதுதான் இண்டைக்குக் காலமை மகள் அவனை நேர்சரியிலை விட்டிட்டுப் போகும் மட்டும் பஸ் தரிப்பிடத்திலை நிண்டன். அவள் போன உடனை வேலியாலை கையை நீட்டிக் கழட்டி எடுத்தன். களவோ? என்ர சாமான் எல்லே. இந்த ரெயின் போற ஹாமர் எண்ட ஊரிலை ஒரு பட்டறை இருக்கு, கல்லு மெசினிலை அடியைத் தேய்ச்சு நேராக்கி மெழுகும் பூசித் தருவினம். இண்டைக்குத்தான் நேரம் தந்தவை. பின்னேரம் திருப்பிக் கொண்டுபோய்க் கொழுவிவிடுவன், பெடியனுக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மேட்டிலை இருந்து விட்டால் அம்பு மாதிரிப் போகும், ஆர்னேன்ரையை விட வேகமாப் போகும். அப்ப சிரிக்கட்டும் பாப்பம்.

திரும்பவும் அடிக்குது. மகளில்லை, அந்த ஆர்னே மனிசன்தான். எடுக்காட்டி விடமாட்டார். ஒரு நிமிசம் பிள்ளை.

...

கேட்டீரோ? உமக்கு நோர்வேச் சொல்லு விளங்கியிராது, நான் சொல்லுறன். இண்டைக்கு நேர்சரியிலை ஷீ நாளாம். தாத்தாமாரும் உதவிக்கு வரலாமெண்டு சொல்லி அவர் போய் நிக்கிறார். எனக்கு ஆர் சொன்னது? வேலியிலை காணேல்லையெண்டு அவர் கராஜுக்கு ஓடிப்போய்த் தன்ரையைக் கொண்டுவந்து காட்டினவராம். பெடியன் காலைத் தரமாட்டனெண்டிட்டானாம். மற்றப் பிள்ளையள் எல்லாம் போயிட்டுதுகளாம், இவன் வேலிக்குக் கீழை பனியிலை குந்தியிருந்து அழுகிறானாம். "எவ்வளவு கெஞ்சியும் ஏறுறானில்லை, அவன்ர ஷீயை எங்கை வைச்சிருக்கிறீர்?" எண்டு என்னட்டைக் கேக்கிறார்.

அவன்ர ஷீயாம். கவனிச்சீரோ பிள்ளை? கெல்லருக்குள்ளை கிடந்து நான் செய்த சாமான். உம்மடை ஷீ எண்டு ஒரு சொல்லுச் சொல்ல வாய் வருகுதில்லை அந்த மனிசனுக்கு.